மியூனிக்கின் இரண்டு கற்கள்: பதித்ததும், பெயர்த்ததும், பிறகு நடந்ததும்

2004-ஆம் ஆண்டு ஜெர்மனியின் மியூனிக் நகரில், ஒரு வீட்டு வாசலை ஒட்டிய நடைபாதையில், உள்ளங்கை அகலத்தில் இரண்டு பித்தளைக் கற்கள் பதிக்கப்பட்டன. நாஜிகள் கொன்ற ஒரு கணவன், மனைவியின் பெயர்கள் அவற்றில் இருந்தன. சில வாரங்களிலேயே மாநகராட்சி அவற்றைப் பெயர்த்தெடுத்துவிட்டது. எடுக்கச் சொன்னவர்களில் நாஜிகள் மீது பரிவு கொண்டவர் எவரும் இல்லை. அந்தக் கொலைகளிலிருந்து தப்பிப் பிழைத்தவர் ஒருவரே எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். கற்களைப் பதிக்க விரும்பியவர்களில் இறந்தவர்களின் மகனும் ஒருவர்.

இழப்பைச் சுமந்தவர்களே இருபுறமும் நின்றார்கள். ஓர் ஊர் இப்படிப்பட்ட விவகாரத்தை எப்படிக் கையாண்டது, எங்கே சறுக்கியது என்பதுதான் இந்தக் குறிப்பு. சிற்பி ஒருவரைத் தவிர மற்றவர்களைப் பெயர் சொல்லாமலே குறிப்பிடுகிறேன்.

கல் என்பது என்ன

ஜெர்மன் மொழியில் இதற்கு ஸ்டோல்பர்ஸ்டைன் என்று பெயர். இடறுகல் என்று சொல்லலாம். பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கான்கிரீட் கட்டி. அதன் தலையில் ஒரு பித்தளைத் தகடு. பெரும்பாலும் "இங்கே வாழ்ந்தவர்" என்று தொடங்கும். அடுத்து பெயர், பிறந்த ஆண்டு, நாடுகடத்தப்பட்ட நாள், இடம், கொல்லப்பட்ட நாள். அவ்வளவுதான். அடைமொழி கிடையாது, இரங்கல் வாசகமும் கிடையாது.

இதைத் தொடங்கியவர் குன்டர் டெம்னிக் என்ற சிற்பி. 1940 மே மாதம் கொலோன் நகரத்திலிருந்து, ஐரோப்பாவின் சிறுபான்மை இனத்தவரான ரோமா, சிந்தி மக்கள் ஆயிரம் பேரை நாஜிகள் நாடுகடத்தினார்கள். அவர்கள் நடத்திச் செல்லப்பட்ட வழியை 1990-இல் தெருவிலேயே சாயத்தால் கோடிட்டுக் காட்டினார் டெம்னிக். அந்தத் தடத்தைப் பார்த்த ஒரு மூதாட்டி, எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் யாரும் இருந்ததே இல்லையே என்றாராம். அடுத்த வீட்டில் குடியிருந்தவர்கள் நினைவிலிருந்தே துடைக்கப்பட்டிருந்தார்கள் என்பது டெம்னிக்குக்கு அப்போது உறைத்தது. கொலை நடந்த முகாம்களில் நினைவுச் சின்னங்கள் உண்டு; கொல்லப்பட்டவர்கள் பால் வாங்கிய தெருவில் எதுவுமில்லை. அந்த இடத்துக்காகவே கல்.

1992 டிசம்பர் 16 அன்று கொலோன் நகர மன்றத்துக்கு முன்னால் முதல் கல் பதிந்தது. ரோமா, சிந்தி மக்களை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பும் ஆணை பிறந்து அன்றோடு ஐம்பது ஆண்டுகள். 1996-இல் பெர்லினின் க்ராய்ட்ஸ்பெர்க் பகுதியில் அனுமதி எதுவும் இல்லாமலே கற்களைப் பதித்தார். அனுமதி அப்புறம்தான் வந்தது. இந்த வேலை பல ஊர்களில் நடந்த விதத்தைப் புரிந்துகொள்ள அந்த வரிசை முக்கியம்: முதலில் கல், பிறகு கடிதம்.

பதிக்கும்போது நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நடைபாதையின் ஒன்றிரண்டு சதுரக் கற்களை நெம்பி எடுப்பார்கள். குழியில் மணலை நிரவி, புதுக்கல்லை இறக்கி, பக்கத்துக் கல்லோடு மட்டம் பார்த்து ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வைப்பார்கள். இடுக்குகளில் மணலும் சிமென்டும் கலந்த பொடியைப் பெருக்கித் தள்ளி, தண்ணீர் விட்டு, கடைசியில் ஈரத்துணியால் தகட்டைத் துடைப்பார்கள். கால் மணி நேர வேலை. முழங்காலில் இருப்பவர் பேசமாட்டார். சுற்றி நிற்பவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி, அவர் யார் என்று இரண்டு பத்தி படிப்பார்கள். உறவினர் வந்திருந்தால் சில இடங்களில் இறந்தோர்க்கான கடிஷ் பிரார்த்தனையும் சொல்லப்படும். கொல்லப்பட்டவருக்குக் கல்லறை இல்லை. ஆகவே அந்தப் பத்து சென்டிமீட்டர் உறவினர்கள் கண்ணுக்குக் கல்லறையாகிவிடுகிறது. விவகாரத்தின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

தகட்டின் எழுத்துகள் இயந்திரத்தில் அச்சடித்தவை அல்ல. ஒவ்வோர் எழுத்தையும் அச்சு வைத்துக் கையால் சுத்தியலால் அடிக்கிறார்கள். மனிதர்களைப் பட்டியலாக்கி, எண்ணாக்கி, ரயில் ரயிலாக அனுப்பிய ஒரு நிர்வாகத்துக்கு எதிரான வேலையைத் தொழிற்சாலை வேகத்தில் செய்யக்கூடாது என்பது சிற்பியின் பிடிவாதம்.

ஊரின் பின்னணி

மியூனிக் மற்ற ஊர்களைப் போன்றதல்ல. நாஜிக் கட்சி பிறந்து வளர்ந்த ஊர் அது. 1935-இல் "இயக்கத்தின் தலைநகரம்" என்ற பட்டமே அதற்குக் கிடைத்தது. நகரின் பெரிய யூதத் தொழுகைக் கூடத்தை 1938 ஜூனிலேயே இடித்தார்கள். நாடெங்கும் தொழுகைக் கூடங்கள் எரிந்த நவம்பர் இரவுக்கு ஐந்து மாதம் முன்னால். அந்த நவம்பர் இரவுக்கான தூண்டுதல் பேச்சும் மியூனிக்கின் பழைய நகர மன்றத்தில்தான் நிகழ்ந்தது.

1933-இல் நகரத்தில் ஏறத்தாழ 9,000 யூதர்கள் இருந்தார்கள். வசதியும் வழியும் உள்ளவர்கள் வெளியேறினார்கள். மிஞ்சியவர்களை 1939-க்குப் பிறகு சொந்த வீட்டிலிருந்து கிளப்பி, யூத வீடுகள் என்று ஒதுக்கிய கட்டடங்களிலும் பிறகு மில்பெர்ட்ஸ்ஹோஃபன் முகாமிலும் அடைத்தார்கள். 1941 நவம்பர் 20 அன்று அங்கிருந்து முதல் பெரிய ரயில் கிளம்பியது. ஏறத்தாழ ஆயிரம் பேர். முதலில் ரீகா என்று குறித்திருந்த சேருமிடம் மாறி, ரயில் லித்துவேனியாவின் காவ்னாஸுக்குப் போனது. நவம்பர் 25 அன்று, ஊருக்கு வெளியே ஒன்பதாம் கோட்டை என்ற இடத்தில், வந்தவர்கள் அனைவரும் சுடப்பட்டார்கள். கொன்ற படையின் தலைவரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார்: அன்று ஒரு நாளில் பெர்லின், மியூனிக், ஃப்ராங்க்ஃபர்ட் ஊர்களிலிருந்து வந்த 1,159 ஆண்கள், 1,600 பெண்கள், 175 குழந்தைகள்.

நம் விவகாரத்தின் கணவனும் மனைவியும் அந்த மியூனிக் ரயிலில் இருந்தார்கள். மகன் இங்கிலாந்துக்குத் தப்பியிருந்தார். பெற்றோர் போய்ச் சேரவில்லை.

கல் பதிப்பவர்களிடம் ஒரு விதி உண்டு. கடைசியாக அடைத்து வைத்த இடத்தில் கல் வைப்பதில்லை. அவர்கள் தாங்களாக விரும்பி வாழ்ந்த கடைசி வீட்டின் முன்னால்தான் வைப்பார்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் நாஜி ஆவணம் தரும் கடைசி முகவரியை அப்படியே எழுதிக்கொண்டால், துரத்தியவன் கொடுத்த விலாசத்தையே ஒருவருடைய வீடு என்று ஒப்புக்கொண்டது போலாகும். பழைய முகவரிப் புத்தகங்களையும் குடியிருப்புப் பதிவுகளையும் புரட்டி அந்த வீட்டைக் கண்டுபிடிப்பதில்தான் உள்ளூர்க்காரர்களின் பாதி உழைப்பு போகிறது.

2004: பதிப்பு

தொண்ணூறுகளின் கடைசியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் கற்கள் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தன. மியூனிக்கிலும் ஆர்வலர்கள் கேட்டார்கள். மாநகராட்சியில் விவாதம் முடிவதற்குள்ளாகவே அந்தத் தம்பதியின் வீட்டு முன்னால் இரண்டு கற்கள் உட்கார்ந்துவிட்டன.

இப்படி முந்திக்கொண்டதை எப்படிப் பார்ப்பது? பெர்லினில் அந்த வழி பலித்தது. மியூனிக்கில் அது எதிர்த்தவர்கள் கையில் ஒரு காரணத்தைக் கொடுத்தது: பொது இடம் நகரத்துடையது, கேட்காமல் எப்படி வைத்தீர்கள்? கருத்தில் தயங்கிய உறுப்பினர்களும் நடைமுறையைக் காட்டி ஒரு பக்கம் சாய வசதியாகப் போயிற்று என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பின் காரணம்

எதிர்ப்பின் மையத்தில் இருந்தவர் நகர யூத சமுதாயத்தின் தலைவரான பெண்மணி. 1932-இல் மியூனிக்கிலேயே பிறந்தவர். நவம்பர் இரவைச் சிறுமியாகத் தெருவில் நின்று பார்த்தவர். வளர்த்த பாட்டியை 1942-இல் தெரேசியன்ஸ்டட் முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள், பாட்டி திரும்பவில்லை. குடும்பத்துக்கு அறிமுகமான ஒரு கத்தோலிக்கப் பெண் இவரைத் தன் பிள்ளை என்று சொல்லி, கிராமத்துப் பண்ணையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்.

அவருடைய வாதம் எளிமையானது. பூட்ஸ் காலால் மிதிபட்டவர்கள் இவர்கள். இவர்கள் பெயரையும் தரையில் போட்டு, போகிறவர் வருகிறவர் மிதிக்கவா? நாய் அசுத்தம் செய்யும், சேறு படியும், வேண்டுமென்றே துப்புகிறவனும் இருப்பான்.

புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு இந்த வாதத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. முதலில் இதைப் படித்தபோது நானும் அவர் பக்கமே சாய்ந்தேன். மறுபக்கம் யோசித்தால், நம் கோயில்களிலேயே அடியார் பாதம் படட்டும் என்று தங்கள் உருவத்தைத் தரைக்கல்லில் விழுந்து கும்பிடும் கோலத்தில் செதுக்கச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். திருமலையில் சன்னிதி வாசற்படிக்கே குலசேகரப் படி என்று பெயர். ஐரோப்பியத் தேவாலயங்களிலும் தரைக்கடியில் பெரியவர்களைப் புதைத்து, மேலே பெயர் பொறித்து, அதன் மீது நடக்கிறார்கள். மிதிபடும் பெயர் எல்லா இடத்திலும் அவமானம் அல்ல. ஆனால் இவர்களெல்லாம் அந்த இடத்தைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்டவர்கள். காவ்னாஸில் சுடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்க வழியும் இல்லை. அவர்கள் சார்பில் யார் பேசுவது என்பதே மீதமுள்ள கேள்வி.

கற்களை ஆதரித்தவர்களின் பதில் இது: யாரும் கல்லை மிதித்துத் தள்ளிக்கொண்டு போவதில்லை, பளபளப்பைக் கண்டு நின்று, படிக்கக் குனிகிறார்கள். குனிவதே தலைவணங்குவதுதான். கால் பட்டால்கூடப் பித்தளை மெருகேறும். இதில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது. பரபரப்பான நடைபாதையில் பெரும்பாலோர் பார்க்காமலே கடந்து போகிறார்கள். யாரும் தேய்க்காத கல் கறுத்துப்போய், பக்கத்துக் கல்லோடு கலந்துவிடுகிறது. ஜெர்மனியில் பல தெருக்களில், தொழுகைக் கூடங்கள் எரிந்த நவம்பர் 9, ஆஷ்விட்ஸ் விடுவிக்கப்பட்ட ஜனவரி 27 போன்ற நாட்களில் பஞ்சும் பாலிஷுமாக ஆட்கள் முட்டிபோட்டு உட்காருவது அதனால்தான்.

எதிர்ப்புக்கு இன்னொரு நியாயமும் இருந்தது. விவாதத்தில் அது அதிகம் பேசப்படவில்லை. 2003-இல் புதிய தொழுகைக் கூடத்துக்கு அடிக்கல் நாட்டும் விழாவைக் குண்டு வைத்துத் தகர்க்க நவநாஜிக் கும்பல் ஒன்று திட்டமிட்டிருந்ததைக் காவல்துறை கண்டுபிடித்தது. விழா குறித்த நாளில், நவம்பர் 9 அன்று நடந்தது. கல் விவகாரம் அதற்கு அடுத்த வருடம். தெருவில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு பெயர்ப்பலகையை அந்தச் சமுதாயம் வேறு கண்ணால் பார்த்ததில் வியப்பில்லை.

முடிவும் பெயர்ப்பும்

2004 ஜூனில் நகர மன்றம் பெரும்பான்மையாக வாக்களித்தது: பொது நிலத்தில் இடறுகற்களுக்கு அனுமதி இல்லை. அன்றைய மேயரும் அதே நிலைப்பாட்டில் இருந்தார். நகரில் ஏற்கெனவே நினைவிடங்கள் போதுமான அளவு இருக்கின்றன, எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் மதிப்பு நீர்த்துப்போகும் என்பது அவர் தரப்புக் காரணங்களில் ஒன்று. யூத சமுதாயத்தின் தலைமையே வேண்டாம் என்று சொல்லும்போது, கொன்றவர்களின் ஊர் அதை மீறி எப்படிச் செய்யும் என்பது சொல்லியும் சொல்லாமலும் இருந்த பெரிய காரணம்.

இந்த முடிவை அவசரமாகக் குறை சொல்ல மாட்டேன். ஒரு ஜெர்மன் மாநகராட்சி, தப்பிப் பிழைத்தவரைப் பார்த்து "உங்களுக்கு எது மரியாதை என்று எங்களுக்குத் தெரியும்" என்று சொல்வது ஆபாசமாக இருந்திருக்கும்.

ஆனால் முடிவைத் தொடர்ந்து அந்த இரண்டு கற்களையும் நடைபாதையிலிருந்து தோண்டியெடுத்தார்கள். குழியில் பழையபடி நடைபாதைக் கல் வந்து உட்கார்ந்தது. இங்கிலாந்தில் இருந்த மகனின் கோணத்திலிருந்து இதைப் பாருங்கள். அம்மா அப்பாவை ஒருமுறை அந்த வீட்டிலிருந்து கிளப்பினார்கள். அறுபது வருடம் கழித்து, பெயராகத் திரும்பி வந்தவர்களையும் அதே ஊர் நிர்வாகம் அதே வாசலிலிருந்து எடுத்தது. விதிப்படி சரி. மண்வெட்டியோடு அங்கே போனதுதான் இந்த நிகழ்வின் மிக மோசமான கட்டம்.

யார் பேசவில்லை

முடிவெடுத்த விதத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன.

ஒன்று, சமுதாயத்தின் குரலும் குடும்பத்தின் குரலும் வேறாக இருந்தபோது, முதலாவதை மட்டும் யூதர்களின் குரல் என்று எடுத்துக்கொண்டார்கள். கற்களுக்காகத் தொடர்ந்து போராடியவர்களிலும் யூதர்கள் இருந்தார்கள். ஜெர்மனியின் வேறு பல ஊர்களில் யூத சமுதாயத்தினரே பதிப்பு விழாக்களில் முன்னின்றார்கள். அதே பவேரியா மாநிலத்தின் நியூரம்பெர்க்கில்தான் பின்னாளில், 2023-இல், ஒரு லட்சமாவது கல் பதிந்தது.

இரண்டாவது ஓட்டை பலர் கண்ணில் படாதது. தடை யூதர்களுக்கான கற்களை மட்டும் நிறுத்தவில்லை. எல்லாக் கற்களையும் நிறுத்தியது. நாஜிகள் கொன்றவர்களில் சிந்தி, ரோமா மக்கள் உண்டு. ஒருபால் ஈர்ப்புக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவினர், அரசியல் எதிரிகள் உண்டு. மியூனிக் அருகே எக்ல்ஃபிங்-ஹார் மனநல மருத்துவமனையிலிருந்து 1940 ஜனவரி 18 அன்று முதல் வண்டியில் நோயாளிகளை கிராஃபெனெக் என்ற கொலைக்கூடத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். அந்த நோயாளிகளில் ஒருவரின் பேத்தி இன்று மியூனிக்கில் ஒரு கல் வேண்டும் என்று கேட்டால், மறுப்பதற்குச் சொல்லப்பட்ட காரணம் அவருக்கு எந்த விதத்தில் பொருந்தும்? இந்தக் கலைவேலை தொடங்கியதே சிந்தி, ரோமா மக்களுக்காக என்பதை மறந்துவிடக்கூடாது.

இடைக்காலம்

பிறகு பத்தாண்டுகளுக்கு மேல் இழுபறி.

தடை பொது நிலத்துக்கு மட்டும்தான். தனியார் மனையில் கல் பதிக்க உரிமையாளர் சம்மதம் போதும். ஆர்வலர்கள் அந்த வழியில் இறங்கினார்கள். வீட்டு வாசல் உள்ஒதுங்கி இருந்தால், நடைபாதை முடிந்து மனை தொடங்கும் கோட்டுக்கு உட்பக்கமாகக் கல் வைத்தார்கள். இப்படி நூற்றுக்கும் மேற்பட்டவை வந்துவிட்டன. ஆனால் இதில் ஒரு பெரிய இழப்பு இருந்தது. நடைபாதைக் கல்லுக்கு வீட்டுக்காரர் தயவு தேவையில்லை. அதனாலேயே அது கூர்மையான ஏற்பாடு. அந்த வீட்டில் இன்று இருப்பவருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், வாசலில் பெயர் இருக்கும். தனியார் மனைக்குள் போனதும் எல்லாம் அவர் கையில். சம்மதம் கிடைக்காத வீடுகளுக்காகச் செய்து முடித்த கற்கள் ஒரு நிலவறையில் பெட்டி பெட்டியாகக் காத்துக்கிடந்தன.

இதே காலத்தில் சமுதாயம் தன் வழியில் நினைவைக் கட்டியெழுப்பியது. 2006 நவம்பர் 9 அன்று நகரத்தின் நடுவில் புதிய தொழுகைக் கூடம் திறந்தது. அதற்கும் சமுதாய மையத்துக்கும் நடுவே நிலத்தடியில் ஒரு நினைவு நடை உண்டு. கொல்லப்பட்ட 4,500-க்கும் மேற்பட்ட மியூனிக் யூதர்களின் பெயர்கள் அங்கே கண்ணாடியில் ஒளிர்கின்றன. நகர ஆவணக் காப்பகம் அவர்களுடைய வாழ்க்கைக் குறிப்புகளை இரண்டு பெரிய தொகுதிகளாக 2003, 2007 ஆண்டுகளில் வெளியிட்டது. ஆக, பெயர்கள் கிடைக்கவில்லை, தகவல் இல்லை என்ற நிலையே இல்லை. வேலை எல்லாம் முடிந்திருந்தது. தெருவில் மட்டும் எதுவும் இல்லை.

மன்றம் 2004-இல் செய்யாமல் விட்டது இதுதான் என்பது என் எண்ணம். கல் வேண்டாம் என்று சொன்னார்கள், அதற்குக் காரணம் இருந்தது. கல்லுக்குப் பதில் என்ன என்று சொல்லவில்லை. மகன் கேட்டது பித்தளையை அல்ல. வீட்டு வாசலில் பெயர் வேண்டும் என்றார். அந்தப் பாதிக் கோரிக்கைக்கு யாருடைய எதிர்ப்பும் இல்லை. அதைப் பிரித்துப் பார்க்கவே பதினொரு வருடம் ஆயிற்று.

2014 முதல் 2018 வரை

2014-இல் மேயர் மாறினார். அந்த வருடக் கடைசியில் நகர மன்றம் எல்லாத் தரப்பையும் கூப்பிட்டு, நிபுணர்களையும் வைத்து விசாரணை அமர்வு நடத்தியது. கற்களை ஆதரித்து இணையத்தில் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். சமுதாயத் தலைவர் தன் நிலையிலிருந்து இறங்கவில்லை.

2015 ஜூலை 29 அன்று மன்றம் மறுபடியும் தடையை உறுதி செய்தது. ஆனால் இந்த முறை தீர்மானத்தில் இன்னொரு பாதி இருந்தது: கொல்லப்பட்டவர்கள் வாழ்ந்த வீடுகளில், உரிமையாளர் சம்மதித்தால் சுவரில் பெயர்த்தகடு, சம்மதிக்காவிட்டால் வீட்டுக்கு எதிரே பொது நிலத்தில் ஒரு மெல்லிய கம்பம். தனி மனிதரின் பெயர், அவர் வாழ்ந்த இடத்தில், தரைக்கு மேலே.

கற்கள்தான் வேண்டும் என்று இருந்தவர்களுக்கு இது போதவில்லை. வழக்குப் போட்டார்கள். பொது நடைபாதையில் கல் பதிப்பது சாதாரணப் பயன்பாட்டில் வராது, தனி அனுமதி வேண்டும், தருவதும் மறுப்பதும் நகரத்தின் விருப்புரிமை என்ற அளவில் 2016-இல் நிர்வாக நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீடும் நிற்கவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. மரியாதை எது என்று நீதிமன்றம் சொல்லாது. நடைபாதை யாருடையது என்று மட்டும் சொல்லும்.

2018 ஜூலையில் முதல் தகடுகள் வந்தன. பொன்னிற எஃகு; கண்ணுயரத்தில்; பெயர், பிறப்பு, நாடுகடத்தல், இறப்பு. படம் கிடைத்தால் முகமும் உண்டு. கல்லில் முகத்துக்கு இடம் கிடையாது. கம்பத்தின் முன்னால் நிற்பவர் குனிவதில்லை. எதிரே நிற்கும் ஆளைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். இதற்குப் பிறகு இருநூறுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் மியூனிக் தெருக்களுக்குத் திரும்பியிருக்கின்றன. மனநல மருத்துவமனைகளில் கொல்லப்பட்ட மியூனிக்வாசிகளுக்கும் அதே 2018-இல் ஒரு நினைவு நூல் வெளிவந்தது. 2,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். நோயைச் சொன்னால் குடும்பத்துக்கு இழுக்கு என்று பல்லாண்டு மறைத்து வைத்த பெயர்கள் அவை.

இரண்டு வடிவங்களையும் எடைபோட்டால்

கல்லின் பலவீனத்தை எதிர்த்தவர்கள் சரியாகவே கணித்தார்கள். 2012 நவம்பர் 9-ஐ ஒட்டிய இரவில் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் இருந்த பதினொரு கற்களையும் யாரோ தோண்டிக்கொண்டு போனார்கள். 2024 அக்டோபரில் ட்சைட்ஸ் என்ற சிறு நகரில் பத்துக் கற்களும் ஒரே நேரத்தில் காணாமல் போயின. ஆனால் அதோடு கதை முடியவில்லை. இரண்டு ஊர்களிலும் மக்கள் பணம் போட்டுப் புதுக் கற்களைப் பதித்தார்கள். திருடு போன பிறகுதான் அந்தப் பெயர்களை ஊரில் பலர் முதல்முறையாகப் படித்திருப்பார்கள் என்றுகூடத் தோன்றுகிறது.

கம்பத்தின் பலவீனம் வேறு. அதற்கு நகர நிர்வாகம் வேண்டும், வடிவமைப்பு வேண்டும், கோப்பு நகர வேண்டும். கல்லை ஒரு பள்ளி வகுப்பும் ஒரு தெருவாசிகள் குழுவும் காசு சேர்த்துச் செய்துவிடலாம். நீண்ட காலம் ஒரு கல்லுக்கு 120 யூரோதான். பெர்லினில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் கற்கள் வந்ததற்கு அதுதான் காரணம். வேகத்தில் கல்லோடு கம்பம் போட்டியிட முடியாது. மியூனிக்கில் இருநூற்றுச் சொச்சம் என்பதையும் நினைவு நடையில் இருக்கும் 4,500 பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

மறுபடி நடந்தால்

இதேபோன்ற கோரிக்கை இன்னோர் ஊருக்கு வந்தால் என்ன செய்யலாம்? இந்த நிகழ்விலிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிவது சில.

பதிக்க விரும்பியவர்கள் முதலில் அந்தப் பெண்மணியைப் போன்றவர்களிடம் போயிருக்க வேண்டும், கல்லை எடுத்துக்கொண்டு அல்ல, பெயரை எடுத்துக்கொண்டு. வடிவத்தை முடிவு செய்துவிட்டு வந்து சம்மதம் கேட்டால், கேட்பவருக்கு ஆம், இல்லை என்ற இரண்டு பதில்தான் மிஞ்சும்.

மன்றம் பொதுவான தடை போடுவதற்குப் பதில், குடும்பம் இருக்கும் இடத்தில் குடும்பத்தின் சொல்லை முதலில் வைத்திருக்கலாம். ஒரே மாநிலத்தின் ஆக்ஸ்பர்க் நகரில் இடறுகல்லும் உண்டு, கம்பத்தைச் சுற்றிய நினைவுப் பட்டையும் உண்டு. இரண்டும் ஒரே ஊரில் இருப்பதால் எதுவும் குடிமுழுகிப் போகவில்லை.

அந்த இரண்டு கற்களை என்ன செய்வது? அனுமதி இல்லாமல் வைத்தது தப்புதான். புதிதாக வைக்கக்கூடாது என்று முடிவெடுத்துவிட்டு, வைத்ததை மாற்று ஏற்பாடு தயாராகும்வரை விட்டிருக்கலாம். நகர நிர்வாகங்கள் எத்தனையோ ஆக்கிரமிப்புகளை வருடக்கணக்கில் கண்டும் காணாமல் இருக்கின்றன. இந்த இருநூறு சதுர சென்டிமீட்டருக்கு அந்தப் பொறுமை கிடைக்கவில்லை. எடுத்தே ஆகவேண்டும் என்றால், மகனை வரவழைத்து, அவர் கையில் கொடுத்திருக்கலாம்.

இன்றைய நிலை

தடை நீங்கவில்லை. கற்களைக் கேட்பவர்கள் கேட்பதையும் நிறுத்தவில்லை. மியூனிக்கின் சில வீடுகளில் கதவுக்கு முன் உள்ளொதுங்கிய தரையில் பித்தளை மின்னுகிறது. ஓர் அடி தள்ளினால் நடைபாதை; அங்கே வைத்தால் மாநகராட்சி எடுத்துவிடும். இன்னொரு தெருவில் அதே நடைபாதையில், மாநகராட்சியே நட்ட கம்பத்தில், கண்ணுக்கு நேரே ஒரு முகம்.